படித்துக் காட்டக் கேட்டு

நான் குடியிருக்கும் கட்டடத்தின் முதல் மாடியில் ஃப்ராவ் லிண்ட்னர் என்றொரு பெண்மணி இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர், தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சில வருடங்களாக அவருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. எதை நேராகப் பார்த்தாலும் நடுவில் ஒரு சாம்பல் வட்டம் நிற்கிறதாம், அதன் ஓரங்களில்தான் உலகம் தெரிகிறதாம். செவ்வாய்க்கிழமை மாலைகளில், அந்த வாரம் வந்த கடிதங்களை எடுத்துக்கொண்டு வந்து என் கதவைத் தட்டுவார். நான் வாசிப்பேன். ஜெர்மன் மொழியில் எழுத்தும் உச்சரிப்பும் பெரும்பாலும் ஒத்துப்போகும். சில விதிகளைக் கற்றுக்கொண்டால் எந்தக் காகிதத்தையும் உரக்க வாசித்துவிடலாம். மெதுவாகப் பேசினால் பிடித்துக்கொள்வேன், ஆனால் நான் வாசிப்பதில் பாதிக்கு மேல் எனக்குப் புரியாது. அவருக்கு எல்லாம் புரியும், வாசிக்க முடியாது. சில வரிகளுக்கு அவர் சிரிப்பார், சிலவற்றுக்கு உச்சுக்கொட்டுவார். எதற்கென்று தெரியாமல் நான் அடுத்த வரிக்குப் போவேன். எங்கள் இரண்டு பேரையும் கூட்டினால்தான் எழுத்தறிவுள்ள ஒரு ஆள் தேறும்.

ஒருமுறை கறுப்புக் கரை போட்ட உறையில் ஒரு கடிதம் வந்தது. நிதானமாக, நல்ல உச்சரிப்போடு வாசித்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தால் அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய பழைய தோழி ஒருவர் இறந்துபோன செய்தி அது என்று பிறகுதான் தெரிந்தது. தண்ணீர் வரிக் கடிதத்தை வாசிப்பதுபோல அதை வாசித்திருக்கிறேன். இரண்டு நாள் கழித்துப் படிக்கட்டில் பார்த்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "குரல் நடுங்காமல் வாசித்தாயே, எவ்வளவு திடமான பெண் நீ" என்று சொன்னார். அந்த வாக்கியம் மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது. மறுத்துச் சொல்ல வார்த்தை தெரியாததால் தலையை ஆட்டிவிட்டு மேலே ஏறிவிட்டேன்.

இதை ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப்போல ஊரை விட்டு வந்தவர்களுக்கும் எழுதுகிறேன். என் வேலை மென்பொருளைச் சோதிப்பது. என்னென்ன தவறு நடக்கலாம் என்று முன்கூட்டியே பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்து 'சரி' என்று குறியிடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்டவள் என் அம்மாவின் விஷயத்தில் பட்டியலின் முதல் வரிக்கு மட்டும் குறியிட்டுவிட்டு மற்றதை விட்டுவிட்டேன். அதைத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு அரியலூருக்குப் பக்கம். அம்மா பிறந்தது வரதராஜன்பேட்டைப் பக்கத்தில் ஒரு கிராமம். பெயர் அருளாயி. அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவர், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அதனால் பள்ளிக்கூடத்து ரேங்க் கார்டு அம்மாவிடம்தான் போகும். வீட்டில் ஸ்டாம்ப் பேட் கிடையாது. அம்மா பால்பாயிண்ட் பேனாவின் முனையைக் கட்டைவிரலில் தேய்த்துத் தேய்த்து நீலமாக்கி, 'பெற்றோர் கையொப்பம்' என்ற இடத்தில் உருட்டி எடுப்பார். ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அதைப் பார்த்துவிட்டு, "என்னாடி, உங்கம்மா போலீஸ் ஸ்டேஷன்ல ரேக வச்ச மாரி வச்சிருக்காங்க" என்றாள். பெஞ்சே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். இன்றைக்கும் உறுத்துவது அவள் சொன்னதைவிட நான் சிரித்ததுதான்.

அந்த வருடக் கோடை விடுமுறையில் ஒரு பட்டியல் போட்டேன். முதலில் அம்மாவின் பெயர், அடுத்தது அப்பா பெயர், பிறகு பஸ் போர்டு, பிறகு மாத்திரை அட்டை, கடைசியில் வேதாகமம். கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஆரம்பித்தோம். நான்கே எழுத்துதான், ஆனாலும் பதினொரு நாள் ஆனது. 'ளா'வில் அம்மா முதலில் காலைப் போட்டுவிட்டுப் பிறகுதான் 'ள'வுக்கு வருவார். "அது தப்பும்மா, இடப்பக்கத்துலருந்து வரணும்" என்றால், "கடைசில எல்லாம் வந்துருச்சுல்ல? சோத்த முன்னாடி போட்டா என்ன, கொழம்ப முன்னாடி ஊத்துனா என்ன" என்பார். அவர் வரைந்தார், எழுதவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். ஏழாம் வகுப்பின் முதல் ரேங்க் கார்டில் 'அருளாயி' என்று கோணலாக விழுந்தபோது, அதை மூடாமல் விரித்தபடியே எடுத்துக்கொண்டு போய் டீச்சரிடம் கொடுத்தேன்.

மகளிர் குழுக் கூட்டத்தில் பொறுப்பாளர் பெண், "கைநாட்டெல்லாம் அந்தப் பக்கம் ஒக்காருங்க, கையெழுத்தெல்லாம் இந்தப் பக்கம் வாங்க" என்று பிரிப்பது வழக்கம். அந்த மாதம் அம்மா பக்கம் மாறினார். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "பாப்பா, இன்னைக்கு நான் இந்தப் பக்கம்" என்றார். பிறகு அரிசி களைந்துகொண்டே இன்னொன்றும் சொன்னார்: "ஆனா அந்தப் பக்கந்தான் எல்லாத்தையும் படிச்சுச் சொல்றாங்க. இந்தப் பக்கம் பேனாவ மட்டும் நீட்டுறாங்க." எனக்குச் சிரிப்பு வந்தது. இதெல்லாம் ஒரு குறையா என்றுதான் நினைத்தேன். அம்மாவோ அன்றைக்கே ஒன்றைக் கவனித்துவிட்டார். படிக்கத் தெரியாதவருக்கு ஊர் ஒரு மரியாதை வைத்திருக்கிறது. அவரிடம் விரல்ரேகை வாங்குமுன் யாராவது ஒருவர் அதில் உள்ளதைப் படித்துக் காட்டியாக வேண்டும். கையெழுத்துப் போட்டவுடன் அந்த மரியாதை போய்விடுகிறது. இவருக்குத் தெரியும் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

பட்டியலின் இரண்டாவது வரிக்கு நாங்கள் போகவே இல்லை. எனக்குப் பள்ளி, பிறகு பொதுத்தேர்வு. கணக்கெடுப்புக்கு வந்தவர் வாசலில் நின்று, "வூட்டுல எல்லாருக்கும் எழுதப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டபோது, "தெரியும் சார்" என்று உள்ளே இருந்தபடியே பதில் சொன்னவள் நான்தான். அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். பெரம்பலூரில் எஞ்சினியரிங் படித்த நான்கு வருடமும் மாதம் ஒருமுறை விடுதிக்கு வந்துபோவார். போர்டு படிக்காமலே வருவார், ஒருமுறைகூடத் தவறான பஸ்ஸில் ஏறியதில்லை. "வாயிருக்கு, காதிருக்கு, அப்புறம் என்னா?" என்பார். பிறகு நான் சென்னைக்குப் போனேன், அங்கிருந்து இங்கே வந்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் அம்மா ஆட்களை முகப்புப் படத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்வார். இங்கே ஒரு மரப்பாலத்தில் எடுத்த படத்தை நான் முகப்பில் வைத்தபோது, 'யாரோ' என்று நினைத்து மூன்று நாள் என் அழைப்பை எடுக்கவில்லை.

நான் இங்கே வந்த இரண்டாவது வருடம் அம்மாவின் அப்பா இறந்துபோனார். இரண்டு ஏக்கர் முந்திரிக் கொல்லை இருந்தது. பிள்ளைகள் இரண்டே பேர், அம்மாவும் அவருடைய அண்ணனும். மாமாவை நான் வில்லனாக எழுதினால் அது பொய். ஏலாக்குறிச்சித் திருவிழாவில் கூட்டத்துக்குள் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தேர் காட்டியவர் அவர். அவர்தான் அம்மாவிடம், "பட்டா பேரு மாத்தணும் அருளு. ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிரு" என்று சொல்லியிருக்கிறார். பத்திரப் பதிவுக்கு முதல் நாள் அம்மா என்னைக் கூப்பிட்டார். அந்த உரையாடலில் ஒரு சொல்கூட எனக்கு மறக்கவில்லை.

"பாப்பா, நாளைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் போறோம். மாமா வரச் சொல்லிருக்காரு."

"சரிம்மா, போயிட்டு வா."

"கைநாட்டு வச்சா முழுசாப் படிச்சுக் காட்டுவாங்களாம். பக்கத்து வூட்டு ஸ்டெல்லா சொன்னா. அப்படியே வச்சிரட்டுமா?"

"ஏம்மா, ஒனக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியுமே! மாமா முன்னாடி, மாமி முன்னாடி கைநாட்டு வச்சு மானத்த வாங்காத."

"அதுக்கில்ல பாப்பா. படிச்சுக் காட்டுவாங்கன்னுதான்..."

"மாமாதானம்மா? என்ன, ஒன்ன ஏமாத்தவா போறாரு? எனக்கு மீட்டிங் இருக்கு, வைக்கிறேன்."

அப்பா அன்றைக்கு லாரியில் வெளியூர் போயிருந்தார். இருந்திருந்தாலும் வந்திருக்கமாட்டார். மனைவி பிறந்த வீட்டுச் சொத்தில் மாப்பிள்ளை மூக்கை நுழைத்தால் மரியாதை கெடும் என்பது அவருடைய கொள்கை. பத்திர எழுத்தர், "கைநாட்டா, கையெழுத்தாம்மா?" என்று கேட்டாராம். "கையெழுத்துங்க" என்றாராம் அம்மா. அந்த ஒரு பதிலில் பத்திரத்தின் கடைசி வரி மாறிவிடும். கைநாட்டு என்றிருந்தால், 'படித்துக் காட்டக் கேட்டுச் சரியென ஒப்புக்கொண்டு' என்று எழுதி, உண்மையாகவே படித்துக் காட்டியிருப்பார். கையெழுத்து என்றதால், 'நான் படித்துப் பார்த்துச் சரியெனக் கண்டு' என்று எழுதினார். அம்மா எல்லாப் பக்கங்களிலும் தன் நான்கு எழுத்தைப் பொறுமையாக வரைந்திருக்கிறார். பதிவு அலுவலகத்தின் உள்ளே அதிகாரி, "சம்மதந்தானம்மா?" என்று கேட்டிருக்கிறார். பட்டாவில் தன் பெயரும் சேரப்போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்த அம்மா, "சம்மதங்க" என்று சொல்லியிருக்கிறார்.

அடுத்த முந்திரிப் பருவத்தில் அம்மா கூடையோடு கொல்லைக்குப் போனபோது மாமி எதிரே வந்தாராம். "வா அருளு. கூடையெல்லாம் எதுக்குத் தூக்கிட்டு வர? ஒனக்கு வேணுங்கிறத நானே குடுத்தனுப்ப மாட்டனா?" உபசாரம்போல ஒலிக்கும் அந்த வாக்கியத்தில் 'உனக்கு இங்கே ஒன்றுமில்லை' என்பது இருந்தது. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, மாமா கொடுத்திருந்த நகலை எடுத்துத் தரையில் பரப்பி, ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். இரண்டு பக்கம் தலைகீழாக இருந்தது. நான் ஆபீஸ் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து, விரலால் பெரிதாக்கிப் படித்தேன். விடுதலைப் பத்திரம். தன் பாகத்தை அண்ணனுக்கு முழு மனதோடு விட்டுக்கொடுத்துவிட்டதாக அம்மா சொல்லியிருந்தார். நான்கு முறை படித்த பிறகு அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.



"எல்லாப் பக்கத்துலயும் இருக்கறது நான் போட்டதுதானா?"

"ஆமாம்மா."

"அப்பச் சரி."

'நீதானே சொன்னாய்' என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல ஒரு பட்டியல் தயாராக வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகுதான் இங்கே மாலை நேர மொழி வகுப்பில் சேர்ந்தேன். ஒருநாள் ஆசிரியை எழுத்தறிவைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்களைப் பற்றிப் பேசினார். ஆங்கிலத்தில் லிட்டரேட் என்கிறோமே, அது லத்தீனில் எழுத்தைக் குறிக்கும் 'லிட்டெரா'விலிருந்து வந்தது. பழைய ரோமில் 'லிட்டராட்டுஸ்' என்ற சொல்லுக்கு எழுத்து உடையது என்று பொருள். எழுத்துப் பொறித்த பானையையும் அப்படிச் சொன்னார்களாம், உடம்பில் எழுத்துச் சூடு போடப்பட்ட அடிமையையும் கேலியாக அப்படிச் சொன்னார்களாம். பிறகுதான் அது கற்றவரைக் குறித்தது. அதற்குப் பின்னும் பல நூற்றாண்டுகள் லத்தீன் தெரிந்தவருக்கு மட்டுமே அந்தப் பட்டம். தாய்மொழியில் எவ்வளவு நன்றாகப் படித்தாலும் லத்தீன் தெரியாவிட்டால் எழுத்தறியாதவர்தான். பக்கத்தில் இருந்த சிரியா நாட்டு மருத்துவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நாம் இரண்டு பேரும் இப்போது அந்த நூற்றாண்டில்தான் இருக்கிறோம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

நான் அந்தப் பானையையும் அடிமையையும் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டின் மேலும் எழுத்து இருக்கிறது, இரண்டுக்கும் அது என்ன என்று தெரியவேண்டிய அவசியமில்லை. தமிழிலும் எழுதுவது முதலில் வரைவதாகத்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. கண்ணுக்கு மை எழுதினோம், சுவரில் ஓவியம் எழுதினோம். அந்தப் பழைய பொருளில் பார்த்தால் அம்மா நன்றாகவே எழுதினார். எங்கள் ஊர்ப் பேச்சில் 'நாலெழுத்து தெரிஞ்சவ' என்றால் படித்தவள். அம்மாவுக்கு நான் கொடுத்தது துல்லியமாக அந்த நாலெழுத்துதான், அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை.

இந்த வசந்தத்தில் ஃப்ராவ் லிண்ட்னர் என்னை ஒரு நோட்டார் அலுவலகத்துக்குத் துணைக்குக் கூப்பிட்டார். நோட்டார் என்பவர் இங்கே பத்திரங்களை உறுதி செய்யும் சட்ட வல்லுநர். தனக்கு முடியாமல் போனால் தன் சார்பாக முடிவெடுக்கும் உரிமையை அக்கா மகளுக்கு எழுதிக் கொடுக்கப்போகிறார் ஃப்ராவ் லிண்ட்னர். நோட்டார் நடுவயதுக்காரர், நல்ல சுபாவம். பார்வை குறைந்தவர் என்பதால் ஒரு சாட்சி உடன் இருப்பது நல்லது, இந்தப் பெண் இருக்கலாமா என்று கேட்டார். "இவளா? இவள்தான் என் கடிதம் எல்லாவற்றையும் வாசிக்கிறவள். வானொலியில் செய்தி வாசிக்கிறவனைவிட நன்றாக வாசிப்பாள்" என்றார் ஃப்ராவ் லிண்ட்னர். நோட்டார் என் பக்கம் திரும்பி, "ஃபெர்ஷ்டேஹென் ஸீ டாய்ச்?" என்றார். ஜெர்மன் புரியுமா?

'ஆமாம்' என்பதற்கு ஜெர்மனில் 'யா', ஓரெழுத்துச் சொல். நாக்கு நுனியில் நின்றது. "கையெழுத்துங்க" என்று சொன்னபோது அம்மாவின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அந்த நொடியில் தெரிந்தது. "வாசிக்கத் தெரியும், புரியாது" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். நான் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்து நோட்டார் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஃப்ராவ் லிண்ட்னர் என் குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பினார். "ஒன்றுமே புரியாதா? அந்தக் கறுப்புக் கரைக் கடிதமுமா?" என்றார். "அதுவும்" என்றேன். அவர் என் முழங்கையைத் தேடிப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டினார். மன்னித்தாரா, ஏமாற்றமடைந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அலுவலகத்து உதவியாளர் வந்து சாட்சியாக உட்கார்ந்தார். நோட்டார் பத்திரத்தின் தலைப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொரு சொல்லாக உரக்க வாசித்தார். முக்கால் மணி நேரம். மூன்று இடத்தில் ஃப்ராவ் லிண்ட்னர் கையை உயர்த்தினார். நோட்டார் நிறுத்தி, விளக்கி, ஓரிடத்தில் பேனாவால் அடித்துத் திருத்தினார். முடிந்ததும் நான் ஆங்கிலத்தில், "இவருக்குக் கண் தெரியாததால்தானே இப்படி வாசிக்கிறீர்கள்?" என்று கேட்டேன். கேள்வியே அவருக்கு விநோதமாக இருந்தது. "இல்லையே, இதுபோன்ற பத்திரத்தை எல்லோருக்கும் வாசிக்க வேண்டும். சட்டம் அப்படி. பேராசிரியர் வந்தாலும் வாசிப்பேன். நாளைக்கு நான் வீடு வாங்கினால் எனக்கு இன்னொரு நோட்டார் உட்கார்ந்து வாசிப்பார்" என்றார். கண் தெரிந்தவர்களும் படித்தவர்களும் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாடு. இந்த நாட்டில் நான் பொறாமைப்பட்ட விஷயங்கள் அதிகமில்லை. சாலைகளும் ரயில்களும் பழகிப்போய்விட்டன. இதற்கு மட்டும் வீடு வரும்வரை பொறாமைப்பட்டேன்.

அந்த வாரமே அம்மா கூப்பிட்டார். மாமா கொல்லையை வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்கிறாராம். பின்னால் வில்லங்கம் வரக்கூடாது என்பதற்காக, அம்மாவும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று வாங்குபவர் கேட்கிறாராம். எனக்கு உடனே பட்டியல் வந்துவிட்டது. "போடாதம்மா. அரியலூர்ல ஒரு வக்கீலப் பாப்போம். மொதல்ல நோட்டீஸ் அனுப்புவோம், அப்புறம்..." என்று அடுக்கினேன். அம்மா முழுவதும் கேட்டார்.

"கேஸ் போட்டா நெலம் வரும் பாப்பா. எங்கண்ணன் வூட்டு வாசல் வருமா? நீ அங்க இருக்க. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா கோடித்துணி எடுத்துட்டு வர்றது அந்த ஒரு வூடுதான்."

"அவரு ஒன்ன ஏமாத்தியிருக்காரும்மா!"

"அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒனக்குத்தான் புதுசு."

பட்டியலை விட்டுவிட்டு, நோட்டார் அலுவலகத்தில் பார்த்ததைச் சொன்னேன்.

"கையெழுத்துப் போடத் தெரிஞ்சவங்களுக்குமா படிச்சுக் காட்டுறாங்க?"

"எல்லாருக்கும்மா. பெரிய படிப்புப் படிச்சவங்களுக்கும்."

"அப்ப நானும் கேட்டாத் தப்பில்ல."

பதிவு நாளன்று எனக்குக் காலை எட்டு மணி. வேலைக்குப் போக ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா பத்திர எழுத்தர் கடையிலிருந்து கூப்பிட்டு, "பாப்பா, லைன்லயே இரு" என்று சொல்லிவிட்டு போனை மேசையில் வைத்தார். நாற்காலி இழுபடும் சத்தம், மின்விசிறியின் கடகடப்பு, தெருவில் பஸ் ஹாரன் எல்லாம் கேட்டன.

"கைநாட்டாம்மா?" புது எழுத்தர்போல, இளம் குரல்.

"இல்லங்க, கையெழுத்துத்தான். ஆனா படிச்சுக் காட்டுங்க."

"ஒங்க அண்ணன்தான் படிச்சுட்டாரேம்மா."

மாமாவின் குரல் வந்தது. "என்னா அருளு, எம்மேல நம்பிக்க இல்லியா?"

"நம்பிக்க இருக்குண்ணே. எனக்குக் காதும் இருக்குல்ல."

யாரோ சிரித்தார்கள். எழுத்தர் சலித்துக்கொண்டே வாசிக்க ஆரம்பித்தார். 'ஷை சொத்தில்', 'யாதொரு பாத்தியமும்', 'சர்வ சுதந்திர' என்று நீண்டு நீண்டு போன வாக்கியங்களில் எனக்கே எழுவாய் தவறிப்போனது. நிலத்தின் எல்லைகளுக்கு வந்தார். கிழக்கில் ஓடை, தெற்கில் பொதுப்பாதை...

"நிறுத்துங்க. தெக்கால பாத இல்லீங்க. தெக்கால சூசை கொல்ல. பாத மேக்கால இருக்கு."

"பழைய பத்திரத்துல இப்படித்தாம்மா இருக்கு."

"அப்ப அதுலயும் தப்புங்க."

மாமா தணிந்த குரலில், "அவ சொல்றதுதான் சரி. மாத்திருங்க" என்றார். அந்தப் பழைய பத்திரத்தை நான் நான்கு முறை படித்தவள். அந்த வரியையும் நான்கு முறை படித்திருக்கிறேன். கொல்லையில் எந்தப் பக்கம் பாதை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கொல்லை தெரியாதவளுக்கு அந்த வரியில் எழுத்துகள் மட்டும்தான் இருந்தன.

எழுத்தர் தொடர்ந்தார். இந்தச் சொத்தில் எனக்கோ எனக்குப் பின் என் வாரிசுகளுக்கோ இனி எந்த உரிமையும் இல்லை என்று வந்தது.

"வாரிசுன்னா?"

"ஒங்க பொண்ணும்மா."

"அவ லைன்லதான் இருக்கா." போன் மேசையிலிருந்து எழும் சத்தம் கேட்டது. "பாப்பா, கேட்டியா?"

"கேட்டேம்மா."

"போடட்டுமா?"

இதே கேள்வியை ஒருமுறை அவர் கேட்டபோது எனக்கு மீட்டிங் இருந்தது. இப்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருந்தது. என் தலைக்கு மேலே ஒலிபெருக்கி ஜெர்மனில் ஏதோ அறிவித்தது. "ஒனக்கு எல்லாம் புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டேன்.

"எல்லாம் புரிஞ்சுது."

"அப்பப் போடும்மா."

தாளைத் திருப்பும் சத்தம், பிறகு அம்மாவின் மூச்சு. ஒரு பக்கம், அடுத்த பக்கம். அவசரப்படாமல் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கொல்லையில் வாரிசு என்ற ஒற்றைச் சொல்லாக மட்டும் இருந்த நான், அதுவும் இல்லாமல் போய்க்கொண்டிருந்ததைக் கேட்டபடி நின்றேன். நிமிர்ந்து பார்த்தபோது நடைமேடையில் என்னைத் தவிர யாரும் இல்லை. அறிவிப்பைக் கேட்டு, என்னோடு நின்றிருந்த அத்தனை பேரும் எதிர்ப்பக்க மேடையில், வந்து நின்ற ரயிலில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.